இன்சுலின் வந்ததும் கொழுப்பு செல்லோட மேல்பரப்புல என்ன நடக்குது?

இன்சுலின்னா என்னன்னு யாரைக் கேட்டாலும் முதல்ல வர்ற பதில் "அது ஒரு சாவி"ங்கிறதுதான். செல்லுக்கு ஒரு கதவு இருக்கு, அது பூட்டியிருக்கு, இன்சுலின்கிற சாவி வந்து திறக்குது, சர்க்கரை உள்ள போகுது, அவ்வளவுதான். ஸ்கூல்ல எனக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, நானும் ரொம்ப வருஷம் மத்தவங்களுக்கு இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். முழுசா தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா இந்த உவமைல செல்லோட மேல்பரப்பு அசையாத சுவர் மாதிரி நிக்குது, கதவு அதுல ஏற்கனவே பதிச்சு வெச்சிருக்கு. நிஜத்துல கொழுப்பு செல்ல அந்தக் கதவுகள்ல பெரும்பாலானது, இன்சுலின் வர்றதுக்கு முன்னாடி சுவர்லயே இல்ல. செல்லுக்கு உள்ள குட்டிக் குட்டி பைகள்ல அடங்கிக் கிடக்கு. இன்சுலின் வந்ததும் அந்தப் பைகள் மேல வந்து சுவரோட ஒட்டி ஒண்ணாகுது, அப்புறம்தான் அங்க கதவுன்னே ஒண்ணு இருக்கு.

இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு செல்லைப் பத்தின பார்வையே மாறிப்போச்சு, அதனாலதான் இதை முதல்ல இருந்து எழுதறேன். பயாலஜி படிக்காதவங்களுக்கும் புரியணும்னுதான் முயற்சி பண்ணியிருக்கேன், கொஞ்சம் பேர்கள் வரும், பயப்பட வேணாம், பேரை விட்டுட்டு அது என்ன வேலை பண்ணுதுன்னு மட்டும் பிடிச்சுக்கிட்டா போதும்.

முதல்ல ரெண்டு வார்த்தையை பிரிச்சு வெச்சுக்கலாம், இதுல குழம்பினா அப்புறம் எல்லாமே குழம்பும். ரிசெப்டர், புத்தகத் தமிழ்ல ஏற்பி, செல்லுக்கு வெளிய மிதந்து வர்ற ஏதோ ஒரு மூலக்கூறைப் பிடிச்சுக்கிற புரதம். பிடிச்சதும் சில ரிசெப்டர் உள்ளுக்கு சேதி சொல்லும், இன்சுலின் ரிசெப்டர் அந்த வகை. சில ரிசெப்டர் பிடிச்ச சரக்கை அப்படியே தூக்கிக்கிட்டு உள்ள போயிடும், இரும்புச் சத்தை உள்ள கொண்டு போற டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டர் அந்த வகை. டிரான்ஸ்போர்ட்டர் வேற, கடத்தின்னு சொல்லலாம், அது சவ்வுல ஒரு வழி மாதிரி இருந்துக்கிட்டு ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு பொருளைக் கடத்திவிடும். குளுக்கோஸுக்கு அப்படி இருக்கிற கடத்திகள்ல ஒண்ணோட பேர்தான் க்ளூட்-4. மேல நான் கதவுன்னு சொன்னது இதைத்தான். ஆக க்ளூட்-4 கண்டிப்பா பேசினா ரிசெப்டர் இல்ல, ஆனா இன்சுலின் அதை நகர்த்துற விதமும் சில ரிசெப்டர்களை நகர்த்துற விதமும் ஒரே குடும்பத்துக் கதை, அதனால ரெண்டையும் சேர்த்துதான் பார்க்கணும்.

கொழுப்பு செல்லோட உருவத்தையும் மனசுல கொண்டு வந்துக்கோங்க. சாதாரண வெள்ளைக் கொழுப்பு செல்ல நடுவுல ஒரே ஒரு பெரிய கொழுப்புத் துளி உட்கார்ந்திருக்கும், செல்லோட கன அளவுல 90 சதவீதத்துக்கும் மேல அதுவே அடைச்சுக்கும். நியூக்ளியஸ் ஓரமா ஒதுங்கி நசுங்கிக் கிடக்கும். மத்த எல்லா வேலையும், நாம இப்ப பேசப் போற இந்தப் போக்குவரத்து மொத்தமும், அந்தத் துளிக்கும் வெளிச் சவ்வுக்கும் நடுவுல இருக்கிற மெல்லிசான ஒரு வளையத்துலதான் நடக்குது. அவ்வளவு கொஞ்ச இடத்துல இவ்வளவு ஒழுங்கா நடக்குதேன்னு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். எந்த செல்லோட மேல்பரப்பும் சும்மா இருக்கிறதில்ல, இன்சுலின் இருந்தாலும் இல்லாட்டியும். சவ்வு அங்கங்க உள்பக்கமா குழிஞ்சு, குழி ஆழமாகி, கழுத்து இறுகி, அறுந்து, ஒரு குட்டிப் பையா உள்ள போயிடும். அதே நேரத்துல உள்ள இருந்து வேற பைகள் வந்து சவ்வோட சேர்ந்துக்கும். உள்ள போறது எண்டோசைட்டோசிஸ், வெளிய வந்து சேர்றது எக்ஸோசைட்டோசிஸ். இதோட வேகம் நாம நினைக்கிறதை விட ரொம்ப அதிகம். மேக்ரோஃபேஜ்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு, அது தன் மேல்பரப்பு முழுசுக்கும் சமமான சவ்வை சுமார் அரை மணி நேரத்துல உள்ள இழுத்துடும். அத்தனையும் திரும்ப வெளிய வரலைன்னா செல் சுருங்கியே போயிடும் இல்லையா, அதனால போறதும் வர்றதும் சமமா நடந்துக்கிட்டே இருக்கு.

அப்படின்னா ஒரு குறிப்பிட்ட ரிசெப்டர் மேல்பரப்புல எத்தனை இருக்குங்கிறதை எது தீர்மானிக்குது? ஒரு தண்ணித் தொட்டியை யோசிச்சுப் பாருங்க, மேல ஒரு குழாய் ஊத்திக்கிட்டே இருக்கு, கீழ ஒரு ஓட்டை வழியா தண்ணி போய்க்கிட்டே இருக்கு. தொட்டில தண்ணி மட்டம் எங்க நிக்கும்கிறது இந்த ரெண்டு வேகத்தைப் பொறுத்தது. மட்டம் அசையாம நின்னாலும் தண்ணி ஓடிக்கிட்டேதான் இருக்கு. மட்டத்தை ஏத்தணும்னா குழாயை இன்னும் திறக்கலாம், இல்ல ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கலாம், இல்ல ரெண்டையும் பண்ணலாம். புதுசா தண்ணி தயாரிக்க வேண்டிய அவசியமே இல்ல, கீழ போன தண்ணியே சுத்தி மேல வருது. இன்சுலின் கொழுப்பு செல்ல பண்றது இதைத்தான், குறிப்பா குழாயை நல்லா திறந்துவிடுது, ஓட்டையையும் கொஞ்சம் சின்னதாக்குது.

டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டரை வெச்சுப் பார்த்தா இது இன்னும் தெளிவா இருக்கும். ரத்தத்துல இரும்பு தனியா சுத்தாது, டிரான்ஸ்ஃபெரின்கிற புரதத்து மேல ஏறித்தான் வரும். ரிசெப்டர் அதைப் பிடிச்சுக்கிட்டு கிளாத்ரின்கிற புரதம் போர்த்தின குழி வழியா உள்ள போகும், உள்ள எண்டோசோம்னு ஒரு பை, அதோட உள்பக்கம் அமிலத்தன்மையா இருக்கும், அந்த அமிலத்துல இரும்பு மட்டும் கழண்டுக்கும், அப்புறம் ரிசெப்டரும் காலியான டிரான்ஸ்ஃபெரினும் சேர்ந்தே மேல வந்து, வெளிய வந்ததும் டிரான்ஸ்ஃபெரின் பிரிஞ்சு போயிடும், ரிசெப்டர் அடுத்த சுற்றுக்கு ரெடி. ஒரு சுற்றுக்கு பத்து இருபது நிமிஷம்தான் ஆகும். எந்த உத்தரவும் இல்லாமலேயே இது நாள் முழுக்க நடக்கிற சுற்று. கொழுப்பு செல்லுக்கு இன்சுலின் குடுத்தா மேல்பரப்புல இந்த ரிசெப்டரோட எண்ணிக்கை சுமாரா ரெண்டு மடங்கு ஆகுது.

ரெண்டு மடங்கு, இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இதெல்லாம் எப்படி கண்டுபிடிச்சாங்கங்கிறதை சொல்லாம விட எனக்கு மனசு வரல. இன்சுலினைப் பிரிச்செடுத்தது 1921ல, டொராண்டோல பான்டிங், பெஸ்ட் ரெண்டு பேரும் ஆரம்பிச்சு வெச்சது, 1922 ஜனவரில முதல் நோயாளிக்கு ஊசி போட்டாங்க. மருந்து வேலை செய்யுதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. ஆனா செல்லுக்கு உள்ள குளுக்கோஸ் எப்படி அதிகமா போகுதுங்கிற கேள்விக்கு சரியான பதில் கிடைக்க இன்னும் கிட்டத்தட்ட அறுபது வருஷம் ஆச்சு. அதுக்கு முதல்ல கொழுப்பு செல்லைத் தனித்தனியா பிரிக்கத் தெரியணும். 1964ல மார்ட்டின் ராட்பெல் எலியோட கொழுப்புத் திசுவை கொலாஜினேஸ்கிற என்சைமால கரைச்சு, செல்களை உயிரோட தனியா பிரிச்சுக் காட்டினார். கொழுப்பு செல் லேசானது இல்லையா, அதனால மத்த செல் எல்லாம் அடில தங்க இது மட்டும் மேல மிதந்து வந்துடும், அள்ளி எடுத்துக்கலாம். இந்த ஒரு வழிமுறை வந்த பிறகு ஆராய்ச்சி வேகம் பிடிச்சுது.

அப்ப இருந்த கேள்வி இதுதான்: இன்சுலின் குடுத்ததும் குளுக்கோஸ் உள்ள போற வேகம் பல மடங்கு ஏறுது, அது சவ்வுல ஏற்கனவே இருக்கிற கடத்திகள் ஒவ்வொண்ணும் வேகமா வேலை செய்யறதாலயா, இல்ல கடத்திகளோட எண்ணிக்கையே கூடறதாலயா? புதுப் புரதம் தயாரிக்கிறதைத் தடுக்கிற மருந்தைப் போட்டாலும் இந்த ஏற்றம் நிக்கல, அதுவும் இல்லாம சில நிமிஷத்துலயே ஏறிடுது, அதனால புதுசா செஞ்சு வெக்கிறதுங்கிறதுக்கு வழியில்ல. 1980ல அமெரிக்காவுல ரெண்டு குழு, ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாம, ரெண்டு வேற வழில ஒரே பதிலுக்கு வந்தாங்க. சாமுவேல் குஷ்மனும் வார்ட்ஸாலாவும் எலிக் கொழுப்பு செல்களை உடைச்சு வெளிச் சவ்வைத் தனியா, உள்ள இருக்கிற சவ்வுகளைத் தனியா பிரிச்சு, குளுக்கோஸ் கடத்தில போய் ஒட்டிக்கிற சைட்டோகலாசின் பி-ங்கிற ஒரு பொருளை வெச்சு ரெண்டுலயும் கடத்தி எவ்வளவு இருக்குன்னு எண்ணிப் பார்த்தாங்க. இன்சுலின் குடுத்த செல்ல வெளிச் சவ்வுல கூடியிருந்துது, உள்ள குறைஞ்சிருந்துது. சுசுகியும் கோனோவும் அதே மாதிரி பிரிச்ச சவ்வுகளை செயற்கைக் கொழுப்புப் பைகள்ல பொருத்தி, குளுக்கோஸைக் கடத்துற திறமை எதுல எவ்வளவு இருக்குன்னு அளந்தாங்க. அதே முடிவு, திறமை உள்ள இருந்து வெளிய இடம் மாறியிருந்துது.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சுது, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். செல்லோட சக்தி, அதாவது ஏடிபி, அதைக் காலி பண்ணிட்டு இன்சுலின் குடுத்தா எதுவும் மேல வராது. ஏற்கனவே இன்சுலின் குடுத்து மேல வந்த பிறகு ஏடிபியைக் காலி பண்ணினா, இன்சுலினை எடுத்துட்டாலும் கீழ போகாது, அப்படியே உறைஞ்சு நிக்கும். சாவி போட்டுத் திறக்கிற கதவா இருந்தா இப்படி ஆகுமா? போறதுக்கும் வர்றதுக்கும் ரெண்டுக்கும் சக்தி செலவாகுது, ஏன்னா அது நிஜமாவே போக்குவரத்து.

ரிசெப்டர் பக்கத்துலயும் இதே மாதிரி ஒரு புதிர் இருந்துது. ஐஜிஎஃப்-2ங்கிற இன்சுலின் மாதிரி இருக்கிற ஒரு ஹார்மோன், அதைப் பிடிக்கிற ரிசெப்டர் கொழுப்பு செல்ல இருக்கு. இன்சுலின் குடுத்தா ஐஜிஎஃப்-2 அதிகமா ஒட்டுது. ரிசெப்டரோட பிடிப்பு இறுகிடுச்சோன்னுதான் யாருக்கும் முதல்ல தோணும். ஆனா 1984ல குஷ்மன் குழுவே பார்த்துச் சொன்னது, உள்ள பெரிய கையிருப்பா இருந்த ரிசெப்டர்கள்ல ஒரு பங்கு மேல வந்து நிக்குது, அதனாலதான் அதிகமா ஒட்டுதுன்னு. ஆக இது குளுக்கோஸுக்கு மட்டும் நடக்கிற விசேஷம் இல்ல. இன்சுலின் வந்தா கொழுப்பு செல் தன் மேல்பரப்பையே திருத்தி அமைக்குது. ரத்தத்துல இருந்து கொழுப்புத் துணுக்குகளைப் பிடிக்கிற எல்ஆர்பி1ங்கிற ரிசெப்டரும் இதே மாதிரி மேல வருது. இதை ஏன் சாதாரண விளக்கங்கள்ல சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு எனக்கு உண்மையிலயே வருத்தம், ஏன்னா இன்சுலினை "சர்க்கரை ஹார்மோன்"னு மட்டும் நினைக்கிறது இங்கதான் உடையுது. சாப்பிட்டாச்சு, சத்து வந்துக்கிட்டு இருக்கு, எல்லாத்தையும் உள்ள எடுத்து வெக்கிற நேரம் இதுன்னு செல்லுக்கு சொல்ற ஹார்மோன் அது.

இப்ப அந்த ரெண்டு மடங்குக்கு வரலாம். டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டர் ரெண்டு மடங்குதான் ஏறுது, ஆனா எலிக் கொழுப்பு செல்ல க்ளூட்-4 பத்து இருபது மடங்கு ஏறும். (மனுஷக் கொழுப்பு செல்ல ஏற்றம் இவ்வளவு பெருசு இல்ல, சில மடங்குதான், ஆனா வழிமுறை அதேதான்.) ஒரே ஹார்மோன், ஒரே செல், ஏன் இந்த வித்தியாசம்? பதில், ரெண்டும் காத்திருக்கிற இடம் வேற. டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டர் எப்பவுமே ஓடுற பொதுச் சுற்றுல இருக்கு, இன்சுலின் அந்தச் சுற்றைக் கொஞ்சம் வேகப்படுத்தும், அவ்வளவுதான். க்ளூட்-4ஐ செல் அந்தப் பொதுச் சுற்றுல இருந்து பிரிச்செடுத்து தனியா ஒரு வகைப் பைகள்ல சேர்த்து வெக்குது. இதை க்ளூட்-4 சேமிப்புப் பைகள்னு சொல்லலாம், ஒவ்வொண்ணும் சுமார் 50ல இருந்து 70 நானோமீட்டர் குறுக்களவு, அதாவது ஒரு மில்லிமீட்டர்ல பத்தாயிரத்துக்கும் மேல வரிசையா அடுக்கலாம். இன்சுலின் இல்லாத நேரத்துல க்ளூட்-4ல 95 சதவீதம் அளவுக்கு செல்லுக்கு உள்ளதான். மேல கொஞ்சம் வந்தாலும் சீக்கிரம் உள்ள இழுத்துக்கும், மறுபடி அந்தச் சேமிப்புக்கே அனுப்பிடும். ஆரம்ப மட்டம் இவ்வளவு கீழ இருக்கிறதாலதான் ஏற்றம் அவ்வளவு பெருசாத் தெரியுது.

அந்தப் பைக்குள்ள க்ளூட்-4 மட்டும் இல்ல. ஐராப்னு ஒரு என்சைம், சார்ட்டிலின்னு ஒரு புரதம், நாம பார்த்த எல்ஆர்பி1, அப்புறம் பை சவ்வோட சேர்றதுக்குத் தேவையான வாம்ப்2 எல்லாமே அதுலதான் இருக்கு. ஐராப் க்ளூட்-4 கூடவே போகும், கூடவே வரும், அதே அளவு ஏறும். ஐராப் சில சின்ன புரத ஹார்மோன்களை வெட்டுற என்சைம், குளுக்கோஸுக்கும் அதுக்கும் நேரடியா சம்பந்தமே இல்ல, ஆனா ஒரே வண்டில பயணம் பண்ணுது. இன்சுலின் வந்தா கொழுப்பு செல்லோட வெளிப்பக்கத்துல இந்த வெட்டுற வேலையும் சேர்ந்தே ஏறும்.

சரி, வெளிய இன்சுலின் வந்து ஒட்டினது உள்ள இருக்கிற பைக்கு எப்படித் தெரியுது? இந்தச் சங்கிலியை முழுசாச் சொன்னா தலை சுத்தும், வேகமா போயிட்டு ஒரே ஒரு இடத்துல நின்னு பார்க்கலாம்.

இன்சுலின் 51 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். அது ரிசெப்டரோட வெளிப்பகுதில ஒட்டினதும் ரிசெப்டரோட வடிவம் மாறி, உள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு கால்களும் ஒண்ணையொண்ணு நெருங்கி, ஒண்ணு மேல ஒண்ணு பாஸ்பேட் ஒட்டிக்கும். பாஸ்பேட் ஒட்டறதுங்கிறது செல் உலகத்துல ஒரு சுவிட்ச் போடுற மாதிரி, அப்படியே எடுத்துக்கோங்க. அந்த ஒட்டின இடத்துல ஐஆர்எஸ்ங்கிற புரதம் வந்து சேரும், அதுக்கும் பாஸ்பேட், அது பிஐ3கே-ங்கிற என்சைமைக் கூப்பிடும். பிஐ3கே, சவ்வோட உள்பக்கத்துல இருக்கிற பிப்2ங்கிற கொழுப்பு மூலக்கூறை பிப்3 ஆக்கும். இந்த பிப்3 சவ்வு மேல கொடி நட்ட மாதிரி, அதைப் பார்த்து ஏகேடி-ங்கிற இன்னொரு என்சைம் சவ்வுகிட்ட வந்து சேரும், அங்கயே அதுக்கும் ரெண்டு இடத்துல பாஸ்பேட் ஒட்டி அது முழு வேகத்துக்கு வந்துடும். இதெல்லாம் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்குள்ள. பிஐ3கே-யைத் தடுக்கிற வார்ட்மானின்கிற மருந்தைப் போட்டா இன்சுலின் எவ்வளவு ஊத்தினாலும் க்ளூட்-4 அசையாது. மாறா, இன்சுலினே இல்லாம எப்பவும் விழிச்சிருக்கிற மாதிரி மாத்தின ஏகேடி-யை செல்லுக்குள்ள வெச்சா க்ளூட்-4 தானாவே மேல வந்துடும். அதனால சங்கிலில இந்தக் கண்ணி எவ்வளவு முக்கியம்னு தெரியுது.

நிக்கலாம்னு சொன்ன இடம் இதுதான், ஏகேடி-க்கு அடுத்தது. ஏகேடி பைகளைப் பிடிச்சுத் தள்ளுதுன்னு நினைச்சீங்கன்னா அது அப்படி இல்ல, பிரேக்ல இருந்து காலை எடுக்குது. அந்த பிரேக்கோட பேர் ஏஎஸ்160, இன்னொரு பேர் டிபிசி1டி4, 2002ல கண்டுபிடிச்சது. பைகளை மேல கூட்டிட்டுப் போக ராப்10ங்கிற ஒரு சின்னப் புரதம் வேணும். ராப் புரதங்களுக்கு ரெண்டு நிலை இருக்கு, விழிச்ச நிலை, தூங்குற நிலை. ஏஎஸ்160 என்ன பண்ணும்னா ராப்10ஐத் தட்டித் தட்டித் தூங்க வெச்சுக்கிட்டே இருக்கும். ராப்10 தூங்கினா பைகள் நகராது. ஏகேடி வந்து ஏஎஸ்160 மேல பாஸ்பேட் ஒட்டினதும் அதோட கை கட்டிப் போட்ட மாதிரி ஆயிடும், ராப்10 முழிச்சுக்கும், பைகள் கிளம்பிடும்.

இதை எவ்வளவு அழகா சோதிச்சாங்கன்னு பாருங்க. 2003ல ஏஎஸ்160ல பாஸ்பேட் ஒட்டற நாலு இடங்களை ஒட்ட முடியாதபடி மாத்தி கொழுப்பு செல்லுக்குள்ள வெச்சாங்க. இன்சுலின் குடுத்தா ஏகேடி வரைக்கும் எல்லாம் சரியா நடக்குது, ஆனா க்ளூட்-4ல பெரும்பகுதி மேல வரல, பிரேக் விடவே இல்ல. இன்னொரு பக்கம், ஏஎஸ்160 அளவையே குறைச்சுப் பார்த்தப்ப இன்சுலின் இல்லாமலேயே க்ளூட்-4ல ஒரு பகுதி மேல வந்துடுச்சு. ஒரு பகுதிதான், முழுசு இல்ல. அந்த "முழுசு இல்ல"ங்கிறது ரொம்ப முக்கியமான சேதி, இன்சுலின் இந்த ஒரு பிரேக்கை மட்டும் நம்பி இல்ல, வேற படிகள்லயும் கை வெக்குதுன்னு அர்த்தம். மனுஷங்கள்லயும் இதோட முக்கியத்துவம் தெரிஞ்சுது. 2014ல கிரீன்லாந்து மக்கள்கிட்ட இந்த டிபிசி1டி4 ஜீன்ல ஒரு மாற்றம் பரவலா இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த மாற்றத்தை வாங்கினவங்களுக்கு டைப்-2 சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு பல மடங்கு அதிகம். அதோட பாதிப்பு முக்கியமா தசைலதான், ஆனா இயந்திரம் அதேதான். பிரேக்கே இல்லைன்னா நல்லதுதானேன்னு தோணலாம், ஆனா அந்தப் புரதம் இல்லாத தசைல க்ளூட்-4 அளவே குறைஞ்சு போயிடுது, அதனால காப்பாத்தி வெக்கிறதுலயும் அதுக்குப் பங்கு இருக்கு.

பை கிளம்பினதுக்கு அப்புறம் நடக்கிறதைச் சுருக்கமா சொல்லிடறேன். செல்லுக்கு உள்ள மைக்ரோட்யூபூல்னு தண்டவாளம் மாதிரி இழைகள் இருக்கு, அது மேல மோட்டார் புரதங்கள் பைகளை இழுத்துட்டு வரும். சவ்வுக்குப் பக்கத்துல ஆக்டின் இழை வலை இருக்கு, இன்சுலின் அதையும் கொஞ்சம் மாத்தி அமைக்குது. சவ்வுகிட்ட வந்ததும் எக்ஸோசிஸ்ட்ங்கிற கூட்டுப் புரதம் கயிறு போட்டுப் பிடிக்கிற மாதிரி பிடிக்கும். கடைசியா பைல இருக்கிற வாம்ப்2, சவ்வுல இருக்கிற சின்டாக்ஸின்-4, ஸ்னாப்23 மூணும் ஜடை பின்னின மாதிரி முறுக்கிக்கிட்டு ரெண்டு சவ்வையும் நெருக்கி ஒண்ணாக்கிடும். மூளைல நரம்பு முனைல சேதி கடத்துற பைகள் சவ்வோட சேர்றதும் இதே குடும்பத்துப் புரதங்களாலதான். டிர்ஃப்னு ஒரு மைக்ராஸ்கோப் முறை இருக்கு, சவ்வுக்குப் பக்கத்துல சுமார் 100 நானோமீட்டர் ஆழத்துக்கு மட்டும் வெளிச்சம் அடிக்கும், க்ளூட்-4ல ஒளிர்ற புரதத்தை ஒட்டி இதுல பார்த்தா பைகள் ஒவ்வொண்ணா வந்து நின்னு, சட்டுனு பளிச்னு விரிஞ்சு சவ்வுல கரைஞ்சு போறதைக் கண்ணால பார்க்கலாம். வாய்ப்பு கிடைச்சா அந்த வீடியோக்களை ஒரு தடவையாவது பாருங்க.

இதுவரை எல்லாம் மேல வர்ற கதை. இதுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் எதிர்த்திசைல போகுது, இன்சுலின் ரிசெப்டரே. இன்சுலின் ஒட்டி வேலையை ஆரம்பிச்ச ரிசெப்டர், ஒட்டின இன்சுலினோடயே சவ்வுக் குழி வழியா உள்ள போயிடும். எண்டோசோம்ல அமிலம் இருக்குன்னு சொன்னேன் இல்லையா, அங்க இன்சுலின் கழண்டு, சிதைஞ்சு போகும், ரிசெப்டர் பெரும்பாலும் திரும்ப மேல வந்துடும், கொஞ்சம் மட்டும் அழிஞ்சு போகும். இது ஒரு விதத்துல சேதியை முடிச்சு வெக்கிற வழி, இல்லைன்னா ஒட்டின இன்சுலின் விடாம கத்திக்கிட்டே இருக்கும். ஆனா நாள் கணக்குல, வாரக் கணக்குல ரத்தத்துல இன்சுலின் அதிகமாவே இருந்தா இந்த "கொஞ்சம் மட்டும் அழியறது" சேர்ந்து சேர்ந்து மேல்பரப்புல ரிசெப்டர் எண்ணிக்கை குறைஞ்சிடும். தொட்டியை திரும்ப நினைச்சுக்கோங்க, சுத்தி வர்ற தண்ணில கொஞ்சம் ஒவ்வொரு சுற்றுலயும் வெளிய கசிஞ்சா மட்டம் மெதுவா இறங்கத்தானே செய்யும்.

அதுக்காக இன்சுலின் ரெசிஸ்டன்ஸுக்கு, அதாவது இன்சுலின் இருந்தும் செல் அதுக்குச் சரியா பதில் சொல்லாத நிலைக்கு, காரணம் ரிசெப்டர் குறையறது மட்டும்தான்னு எடுத்துக்காதீங்க, பலர் அங்கயே நிறுத்திடறாங்க. கொழுப்பு செல்ல எல்லா ரிசெப்டரும் நிரம்பாமலேயே முழுப் பலன் கிடைச்சுடும், உபரியா நிறைய ரிசெப்டர் இருக்கு. அதனால சிக்கல் பெரும்பாலும் அதுக்குக் கீழ இருக்கிற படிகள்ல வருது. உடல் பருமன், டைப்-2 சர்க்கரை நோய் இருக்கிறவங்க கொழுப்பு செல்கள்ல க்ளூட்-4 அளவே குறைஞ்சிருக்கும், அதாவது சேமிப்புலயே சரக்கு கம்மி. தசைல பார்த்தா க்ளூட்-4 அளவு பெருசா குறைஞ்சிருக்காது, ஆனா கூப்பிட்டா மேல வர்றது மட்டுப்பட்டிருக்கும். வெளிய இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி, சர்க்கரை உள்ள போகல, அவ்வளவுதான். உள்ள ரெண்டும் வேற வேற கோளாறு.

சாப்பிட்ட பிறகு ரத்தத்துல இருந்து இன்சுலின் சொல்லி உள்ள போற குளுக்கோஸ்ல பெரும்பங்கு தசைக்குத்தான், கொழுப்புத் திசுவுக்குப் போறது சின்னப் பங்கு. அப்ப கொழுப்பு செல்ல க்ளூட்-4 மேல வந்தா என்ன வராட்டி என்னன்னு கேக்கலாம், நியாயமான கேள்வி. 2001ல பார்பரா கான் குழு எலிகள்ல கொழுப்பு செல்ல மட்டும் க்ளூட்-4ஐ நீக்கிப் பார்த்தாங்க. தசைல க்ளூட்-4 அப்படியே இருக்கு, யாரும் தொடல. ஆனாலும் அந்த எலிகளோட தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியா பதில் சொல்றதை நிறுத்திடுச்சு. கொழுப்பு செல் தனக்குள்ள எவ்வளவு குளுக்கோஸ் வருதுங்கிறதைப் பொறுத்து ரத்தம் வழியா மத்த உறுப்புகளுக்கு சேதி அனுப்புதுன்னு இதுல இருந்து புரிஞ்சுது. எடுத்துக்கிற அளவு சின்னதா இருந்தாலும், அந்தக் கதவுகள் மேல வர்றதை வெச்சு உடம்பு முழுக்க கணக்குப் போடுது.

தசையைப் பத்திப் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிக்கிறேன். உடற்பயிற்சி பண்ணும்போது தசைல க்ளூட்-4 இன்சுலின் உதவி இல்லாமலேயே மேல வரும், ரிசெப்டர், பிஐ3கே வழியா போகாம வேற வழில. அதனால இன்சுலின் வழி மந்தமா இருக்கிறவங்களுக்கும் தசை சுருங்கும்போது குளுக்கோஸ் உள்ள போகும். டாக்டர்கள் நடங்க நடங்கன்னு சொல்றதுக்குப் பின்னாடி இப்படி ஒரு காரணமும் இருக்கு. கொழுப்பு செல்லு தசை மாதிரி சுருங்காது, அதுக்கு இந்தக் குறுக்கு வழி கிடையாது.

கடைசியா, இன்சுலின் போன பிறகு. ரத்தத்துல இன்சுலின் ரொம்ப நேரம் தங்காது, சில நிமிஷத்துலயே பாதியாயிடும். இன்சுலின் இறங்கினதும் ரிசெப்டர்ல ஒட்டின பாஸ்பேட்டை வேற என்சைம்கள் வந்து கழட்டும், பிப்3 கொடிகள் இறங்கும், ஏகேடி அடங்கும், ஏஎஸ்160 மறுபடி ராப்10ஐத் தூங்க வெக்க ஆரம்பிக்கும். குழாய் குறுகிடுச்சு, ஆனா ஓட்டை திறந்துதான் இருக்கு. அதனால க்ளூட்-4 ஒவ்வொண்ணா உள்ள போய், எண்டோசோம்ல பொதுக் கூட்டத்துல இருந்து பிரிஞ்சு, திரும்ப அந்தச் சேமிப்புப் பைக்கே போய்ச் சேரும். ஆய்வகத்துல வளர்த்த கொழுப்பு செல்கள்ல அளந்து பார்த்ததுல க்ளூட்-4ஓட அரை ஆயுள், அதாவது இருக்கிறதுல பாதி அழிய ஆகற நேரம், சுமார் ரெண்டு நாள். அழியற வரைக்கும் அடுத்த வேளை இன்சுலின் வந்தா அதே புரதம்தான் மறுபடி மேல வரும்.